வயது ஏறினால் பழமை ஏறுமா? வீட்டிலேயே கணக்குப் பார்க்கும் வழி

“வயதானால் எல்லோரும் பழைய பஞ்சாங்கம்தான், நீ மட்டும் என்ன விதிவிலக்கா?” என்று என் மகள் கேட்டபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அரசுப் புள்ளியியல் வேலையில் 31 ஆண்டுகள் வீடு வீடாகப் படியேறிக் கணக்கெடுத்தவள் நான். ஆதாரம் இல்லாமல் ஒரு வாக்கியத்தை விழுங்கிப் பழக்கமில்லை. அதனால் என்னையே கணக்கெடுத்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு நோட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும், பரணில் ஏற ஓர் ஏணியும் போதும்.

ஏணியில் ஏறும் முன் ஒன்று. இன்றைய எழுபது வயதுக்காரரையும் இருபது வயதுக்காரரையும் அருகருகே நிறுத்தி, “வயதானால் இப்படித்தான்” என்று முடிவுகட்டாதீர்கள். அந்தப் பெரியவர் இருபது வயதிலும் அப்படியே இருந்திருக்கலாம். வயது, பிறந்த காலம், நாட்டில் நடக்கும் காலம் என்று மூன்று நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒரே நாளில் எடுத்த கணக்கை வைத்து இந்தச் சிக்கலைப் பிரிக்க முடியாது. ஒரே ஆளை இரண்டு காலத்தில் பார்க்க வேண்டும்.

அதற்குக் கேள்விகள் வேண்டும். நான் ஆறு எழுதினேன். எந்தக் கட்சி என்பதை மட்டும் சேர்க்கவில்லை. 1967-ல் காங்கிரஸைத் தோற்கடிக்க உதயசூரியனுக்கு வாக்களித்த இளைஞர், எண்பது வயதில் அதே சின்னத்துக்கு வாக்களித்தால் அது புதுமையா பழமையா? அவர் அசையவே இல்லை, அரசியல்தான் அவரைச் சுற்றி வந்துவிட்டது. கருத்தைக் கேட்பதைவிடச் செய்ததைக் கேளுங்கள். “சாதி பார்ப்பீர்களா?” என்றால் எல்லோரும் உத்தமர்கள். “கடைசியாக உங்கள் வீட்டுச் சமையலறைக்குள் வந்து சாப்பிட்ட வெளியார் யார்?” என்று கேட்டால் பதில் வரச் சற்று நேரமாகும். அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, மருமகளிடம் கேட்கும்போது மாமியார் வாசற்படியில் நிற்கக் கூடாது. பதில் அங்கிருந்துதான் வரும். என் வேலைக்காலம் முழுக்க இந்த வாசற்படிதான் எனக்குப் பெரிய தலைவலி.

இனி ஏணியில் ஏறுங்கள். பழைய கடிதம், நாட்குறிப்பு, திருமண அழைப்பிதழ், வரவு செலவு நோட்டு என்று தேதி போட்ட தாள் எது கிடைத்தாலும் இறக்குங்கள். ஞாபகத்தை மட்டும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அமெரிக்காவில் 1973-ல் அரசியல் கருத்துகள் பற்றிப் பேட்டி கொடுத்தவர்களையே 1982-ல் மறுபடி பிடித்து, “அன்று என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டார்கள். அன்று சொன்ன பதிலைவிட இன்றைய தங்கள் கருத்துக்கு நெருக்கமான ஒன்றைத்தான் பலரும் சொன்னார்கள். இதை கிரெகரி மார்கஸ் என்ற ஆய்வாளர் 1986-ல் எழுதினார். படித்தபோது, மற்றவர்களைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டேன்.

என் தாள்கள் இவை. 1982-ல் அச்சடித்த அழைப்பிதழ், மஞ்சள் தடவாதது: “வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா. ஞாயிறு மாலை 4.45 மணி.” ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் 4.30 முதல் 6 வரை. வேண்டுமென்றே வைத்த நேரம். சுயமரியாதைத் திருமணம் 1968 முதலே இங்கே சட்டப்படி செல்லும் என்று என் அப்பாவிடம் வாதாடி வாங்கிய மாலைப்பொழுது அது. இரண்டாவது, 2011-ல் மகள் திருமணத்துக்கு அடித்தது: “நிகழும் மங்களகரமான கர வருடம் ஆவணி மாதம்…” நான்கு மூலையிலும் மஞ்சள். சம்பந்தி வீட்டார் விருப்பம் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன், நானும் நம்பினேன். அந்த ஆண்டின் செலவு நோட்டில், சம்பந்தி வீட்டாரைச் சந்திப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, என் கையெழுத்தில் ஒரு வரி: “ஜாதகப் பொருத்தம், ரூ. 300.” ஏணியின் நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வரி கிடைத்ததும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், மற்றக் கேள்விகளையும் முடியுங்கள். மீதி ஐந்தில் நான்கில் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். மகளுக்குச் சொத்தில் சம பங்கு என்ற கேள்விக்கு 1982-லும் ஆம், இன்றும் ஆம். ஆனால் அன்று அது வீட்டில் சண்டை. 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் நாடு முழுவதும் சட்டமே வந்துவிட்ட பிறகு அது வெறும் பதில். நான் நகரவில்லை, ஊர் என்னைத் தாண்டிப் போயிருக்கிறது. ஐந்தாவது கேள்வியில் இன்னும் முன்னே போயிருக்கிறேன்.

வீட்டிலுள்ள இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரே ஆள் கணக்காகாது. என் திருமணத்தன்று ராகு காலத்தை நினைத்து மண்டபத்துப் பின்கட்டில் அழுத என் அம்மா, எண்பதைத் தாண்டிய பிறகு, வேற்றுச் சாதிப் பெண்ணை மணந்து வந்த பேரனுக்கு முதல் ஆளாக ஆரத்தித் தட்டைத் தூக்கினார். வயது அவரை எதிர்த்திசையில் கொண்டு போயிருக்கிறது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்து பென்னிங்டன் கல்லூரி மாணவிகளின் அரசியல் கருத்துகளைத் தியோடர் நியூகோம் என்ற ஆய்வாளர் 1930களில் ஆராய்ந்தார். வசதியான, பழமைப் பிடிப்புள்ள குடும்பத்துப் பெண்கள் கல்லூரியில் புதுமைப் பக்கம் மாறினார்கள். 1960களின் தொடக்கத்திலும் 1984-லும் மறுபடி கேட்டபோது பெரும்பாலோர் அந்த மாற்றத்திலேயே நின்றார்கள். ஒரே கல்லூரிதான், ஆனாலும் என் மகளின் “எல்லோரும்” என்ற சொல்லைக் கத்தரிக்க அது போதும்.

நகர்ந்த இடத்துக்கு எதிரே காரணத்தை எழுதுங்கள். “வயது” என்று மட்டும் எழுதாதீர்கள். ராகு காலத்தில் என் கழுத்தை நீட்டியபோது எனக்குப் பயமில்லை; மகளின் முறை வந்தபோது பயந்தேன். காரணக் கட்டத்தில் “தாய்” என்று எழுதினேன். அதற்கு ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டியதில்லை.

கடைசி வேலை, அடுத்த கணக்குக்குத் தாள் தயார் செய்வது. இளையவர்களை இன்றே பதில் எழுதச் சொல்லி, தேதியிட்டு, உறையில் போட்டு ஒட்டுங்கள். என் மகளிடம் தாளை நீட்டினேன். உறையின் மேல் 2045 என்று எழுதினாள்.

“ஜாதகக் கேள்வியைச் சேர்த்தாயா, அம்மா?”

“அதுதான் முதல் கேள்வி.”

பேனாவை மூடிவிட்டு, நாளைக்கு எழுதுகிறேன் என்றாள்.