கோயில் மண்டபத்துக் கீறல்களைப் படமெடுத்துப் படிப்பது எப்படி?

கும்பகோணம் பக்கத்துக் கோயில்களுக்குப் போனால் எல்லோரும் கல்வெட்டைத் தேடிச் சுவரைப் பார்ப்பார்கள். நான் முதலில் தரையைப் பார்ப்பேன். தாயக்கட்டம், பல்லாங்குழி, ஆடுபுலிக் கோடு, சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடும் உருவம், ஒரு ஜோடிப் பாதம், யாரோ ஒருவரின் பெயர் என்று உச்சி வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் விட்டுப்போனதெல்லாம் அங்கேதான் கிடக்கும். பெரிய கல்வெட்டுகளைப் படியெடுத்து அச்சிட்டுவிட்டார்கள். இந்தக் கீறல்களைப் பல ஊர்களில் யாருமே குறித்துவைக்கவில்லை. திருப்பணியின்போது மேலே புதுக்கல் பாவினால் அதோடு போயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. கையில் வேண்டியவை

கைப்பேசி, சின்ன எல்இடி டார்ச், 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல், டேப், பென்சில், கோடு போடாத நோட்டு. அளவுக்குப் பக்கத்தில் காசு வைக்காதீர்கள், ஸ்கேல்தான் நல்லது. பத்து வருஷம் கழித்துப் படத்தைப் பார்ப்பவருக்கு அது எந்தக் காசு என்று தெரியாது. மண்டபத்துக்குள் ஜிபிஎஸ்ஸையும் நம்ப வேண்டாம். எத்தனையாவது தூண், எந்தத் திசை என்று நோட்டில் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள்.

2. அனுமதி

குருக்களிடமோ அலுவலகத்திலோ சொல்லிவிட்டு உட்காருங்கள். சாக்பீஸால் கோட்டை நிரப்பவே கூடாது. கல்லுக்கும் கெடுதல், அதோடு, அங்கே இருப்பதை விட்டுவிட்டு நீங்கள் நினைப்பதைத்தான் வரைவீர்கள்.

3. சாய்வு வெளிச்சம்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். நேர் வெளிச்சத்தில் கீறல் மறைந்துபோகும். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்தால் பள்ளத்தில் நிழல் விழும், கோடு எழுந்து வரும். கைப்பேசியை மட்டும் கல்லுக்கு நேர் மேலே பிடியுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்து ஒரு மண்டபத்தில் படமெடுத்தேன். ஒரு புள்ளியிலிருந்து விசிறி மாதிரி விரியும் கோடுகள் கிடைத்தன. 'சூலம்' என்று நோட்டில் எழுதிவிட்டேன். மறுவாரம் சாயங்காலம் அதே இடத்துக்குப் போனபோது வெயில் வேறு பக்கத்திலிருந்து சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. விசிறியை வெட்டிக்கொண்டு குறுக்குக் கோடுகள்! அது ஆடுபுலி ஆட்டக் கட்டம். முதல் நாள் நான் பக்கவாட்டில் மட்டும் டார்ச் அடித்திருந்தேன். வெளிச்சம் போகிற திசையிலேயே ஓடும் கோட்டில் நிழல் விழாது, ஆகவே படத்திலும் வராது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கீறலுக்கும் நான்கு பக்கமும் டார்ச்சை நகர்த்தி நான்கு படம் எடுக்கிறேன். கைப்பேசி அசையக் கூடாது, டார்ச் மட்டும் நகரட்டும். ஒரு ஆள் கூட இருந்தால் வேலை சுலபம்.

பழகிப்பார்க்கத் தாராசுரம் நல்ல இடம். இரண்டாம் இராஜராஜன் காலத்துக் கோயில், நாயன்மார் கதைச் சிற்பங்களோடு பெயர்களையும் பொறித்திருக்கிறார்கள். ஏற்கெனவே படித்துவிட்ட எழுத்துகள் என்பதால் உங்கள் படத்தில் எது தப்பியது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

4. எந்தக் காலம்?

ஒரு கோடு இன்னொன்றை வெட்டிக்கொண்டு போனால் வெட்டிய கோடுதான் பிந்தியது. பெயர்கள் என்றால் எழுத்தைப் பாருங்கள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன்னால் லை, ணை, னை ஆகியவற்றுக்கு முன்பக்கம் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருந்தது. ணா, றா, னா மூன்றும் கால் தனியாக நிற்காமல் சுழித்துக்கொண்டு வரும். 'அண்ணாமலை' என்று ஒரு பெயர் கிடைத்தால் ஒரே சொல்லில் இரண்டு தடயம்!

சுவரில் நீளமாக ஒரே ஒரு கோடு, இரண்டு முனையிலும் சின்னக் குறி என்று கண்டால் கடந்துபோய்விடாதீர்கள். நிலம் அளந்த கோலின் நீளத்தை இப்படிக் கோயிலில் வெட்டிவைப்பது உண்டு. சோழர் கல்வெட்டுகளில் 'பதினாறு சாண் கோல்' என்று வருகிறதே, அந்த மாதிரி. உடனே டேப் பிடித்து அளந்து எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: லை பற்றி ஒரு வாசகர் சரியாகப் பிடித்தார். பழைய எழுத்தில் படித்தவர் 1990இலும் அப்படியேதான் எழுதியிருப்பார். ஆகவே அது எழுதியவர் பள்ளிக்கூடம் போன காலத்தைத்தான் சொல்லும், கீறிய வருஷத்தை அல்ல. மேலே சொன்னதை இதோடு சேர்த்தே படியுங்கள்.

இன்னொன்று: பல்லாங்குழியின் 14 குழியும் படத்தில் கொழுக்கட்டை மாதிரி புடைத்துத் தெரிகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வெளிச்சம் படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தால் கண் பள்ளத்தை மேடாக எடுத்துக்கொள்ளும். படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள், குழி குழியாகிவிடும். நான்கு படத்தில் பிறருக்குக் காட்டுவது மேல் இடது பக்கத்து வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கட்டும். டார்ச் இருந்த திசையை ஒரு துண்டுத் தாளில் அம்புக்குறியாகப் போட்டு ஸ்கேலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.