ஹாங்சோ மேற்கு ஏரி: முதல்முறை போகிறவர்கள் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஷாங்காய் வரை போகிறவர்கள் பலர் ஹாங்சோவையும் பேருந்துச் சுற்றுலாவில் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். அப்படிப் போனால் ஏரி ஜன்னலோடு சரி. நடந்து பாருங்கள். 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்த ஏரிக்கரையில் நடக்கக் கட்டணமும் இல்லை.

1. கிளம்பும் முன்

போனில் பணம் செலுத்த உதவும் அலிபே ஆப்பை இறக்கி, பாஸ்போர்ட் விவரமும் உங்கள் கார்டும் ஊரிலேயே சேர்த்துவிடுங்கள். டீக்கடையில்கூட க்யூஆர் கோடுதான். கூகுள் மேப்ஸை அங்கே நம்ப முடியாது; ஆமேப் என்ற சீன வரைபட ஆப் நல்லது. அக்டோபர் முதல் வாரமும் மே முதல் வாரமும் சீனாவே விடுமுறையில் இருக்கும், அப்போது போகவே வேண்டாம். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பீச் மரங்கள் பூக்கும் காலம்.

2. போய்ச் சேருவது

ஷாங்காய் ஹோங்சியாவ் நிலையத்திலிருந்து ஹாங்சோ கிழக்கு நிலையத்துக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள், ரயில் ஏற அதுதான் டிக்கெட். அங்கிருந்து மெட்ரோ 1ஆம் தடத்தில் லோங்சியாங்சியாவ் நிலையத்தில் இறங்கினால், பொடிநடையில் ஏரி.

3. காலை: வடக்குக் கரை

கூட்டம் சேருமுன், ஏழு மணிக்கெல்லாம் நடக்கத் தொடங்குங்கள். ஏரியை இடப்பக்கம் வைத்து வடக்கே போனால் உடைந்த பாலம் வரும். பெயர்தான் அப்படி, பாலம் முழுசாகவே இருக்கிறது. சீன நாட்டுப்புறக் கதையில் வரும் வெள்ளைப் பாம்புப் பெண் தன் காதலனைச் சந்தித்ததாகக் கதை சொல்லும் இடம் இது. அங்கே தொடங்கி ஏரிக்கு நடுவே போகும் நடைபாதையான பாய் கரை, 822இல் இங்கே ஆளுநராக வந்த கவிஞர் பாய் ஜூயியின் பெயரைத் தாங்கியது.

கரை முடிந்து, கூஷான் தீவையும் ஷிலிங் பாலத்தையும் கடந்தால் யுவே ஃபெய் கோவில். நாட்டுக்காகப் போரிட்ட தளபதி, பொய்க் குற்றச்சாட்டில் 1142இல் கொல்லப்பட்டார். அவர் சமாதிக்கு எதிரே, சதி செய்த நால்வரின் இரும்புச் சிலைகள் கைகள் பின்னால் கட்டப்பட்டு மண்டியிட்டிருக்கின்றன. கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

4. சூ கரை: இதை மட்டும் அவசரப்படாதீர்கள்

1089இல் கவிஞர் சூ தோங்போ இங்கே ஆளுநராக வந்தபோது ஏரியில் பாதியளவு செடிகொடி மண்டித் தூர்ந்து கிடந்தது. ஆட்களைத் திரட்டித் தூர் வாரினார். வாரிய சேற்றை எங்கே கொட்டுவது? ஏரிக்குள்ளேயே வடக்கு தெற்காக நீளமாகக் கொட்டிக் கரையாக்கிவிட்டார். இன்று நீங்கள் நடக்கும் 2.8 கிலோமீட்டர் பாதை அதுதான். ஏரி குளம் தூர்ந்துபோவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வேலையின் அருமை சட்டெனப் புரியும். வழியில் ஆறு கல்பாலங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள்: ஒருபுறம் விரிந்த நீர், மறுபுறம் மலையடி.

தெற்கு முனையருகே படகு ஏறி, மூன்று கல்விளக்குகள் நீரில் நிற்கும் தீவுக்குப் போகலாம். கையில் ஒரு யுவான் நோட்டு இருந்தால் பின்பக்கம் பாருங்கள், அதே விளக்குகள்.

5. மாலை: லெய்ஃபெங் கோபுரம்

ஏரியின் தென்கரையில் இருந்த பழைய கோபுரம் 1924இல் இடிந்து விழுந்தது. செங்கல்லை வீட்டில் வைத்தால் நல்லது என்ற நம்பிக்கையில் மக்கள் அடியிலிருந்து பெயர்த்துக்கொண்டே போனதும் ஒரு காரணம். 2002இல் கட்டிய புதிய கோபுரத்துக்குள் அந்தப் பழைய செங்கல் மேடு அப்படியே இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் மேலே ஏறுங்கள். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும்.

6. மறுநாள் காலை: லிங்யின் கோவில்

நான்காம் நூற்றாண்டில் ஹுய்லி என்ற இந்தியத் துறவி நிறுவிய கோவில். எதிரே உள்ள சுண்ணாம்புக் குன்றைப் பார்த்து, 'இது எங்கள் நாட்டு மலையாயிற்றே, இங்கே எப்படிப் பறந்து வந்தது?' என்று அவர் கேட்டாராம். அதனால் அது 'பறந்து வந்த சிகரம்'. பாறையெங்கும் புத்தர் சிற்பங்கள்; தொந்தியோடு சிரிக்கும் மைத்ரேயரை, அதாவது வருங்காலப் புத்தரை, தவறவிடாதீர்கள். சைவம் சாப்பிடுபவர்கள் மதியச் சாப்பாட்டை இந்தப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குள் தேடுவது கஷ்டம்.

நேரம் இருந்தால் அருகில் லோங்ஜிங் தேயிலைக் கிராமம். ஏப்ரல் தொடக்கத்தில் வரும், முன்னோரை வணங்கும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த இலைக்குத்தான் விலை அதிகம். கண்ணாடி டம்ளரில் போட்டுத் தரச் சொல்லி, குடித்துப் பார்த்து, பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள்.