பாரிஸ்டர் என்று அச்சிடும் முன்

"அழைக்கப்படாதவரை எப்படி ஐயா பாரிஸ்டர் என்கிறீர்கள்?"

திருச்சியிலிருந்து வந்த அஞ்சலட்டையில் இந்த ஒரு வரிதான் இருந்தது. கீழே ஒரு கையெழுத்து, ஓய்வுபெற்ற வழக்கறிஞர் என்ற குறிப்பு. தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்துத் தரும் வேலை எனக்கு. வ.வே.சு. ஐயர் பற்றிய பத்தியில் "லண்டன் சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றார்" என்று எழுதியிருந்தேன். எனக்கு முன்னால் எழுதிய நாலு பேரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். நால்வரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு வரிக்குள் இரண்டு பிழைகள்: பாரிஸ்டர் என்பது பட்டமே இல்லை, லண்டனில் 'இன்' என்ற சட்டச் சங்கம் ஒன்று 'பாருக்கு அழைத்து' வாதாடத் தரும் தகுதி; ஐயர் அப்படி அழைக்கப்படவும் இல்லை.

அதற்குப் பிறகு, சட்டத்துறையிலிருந்து அரசியலுக்கு வந்த எவரைப் பற்றி எழுதினாலும் முதலில் நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்கிறேன். சேர்ந்தது, அழைக்கப்பட்டது, பதிந்தது, விட்டது. ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்டும் ஓர் இடமும் வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அந்தச் செய்தி அச்சுக்குப் போகாது. ஊர்த் தலைவர் ஒருவரைப் பற்றி மலர் போடுகிறவர்களும், தாத்தாவின் வரலாற்றை எழுதுகிறவர்களும் இதே வழியில் போகலாம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்று நாம் எல்லாரையும் வக்கீல் என்கிறோம். அன்று அது தனிச் சாதி. பி.எல். என்ற சட்டப் பட்டத் தேர்வில் தேறி, உயர் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை பெற்றவர் வக்கீல். அந்தத் தகுதி இல்லாமல், அதற்கென்று வைத்த தேர்வில் தேறி, ஜில்லா கோர்ட்டிலும் முன்சீப் கோர்ட்டிலும் நின்றவர் பிளீடர். அதிலும் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று படிகள் உண்டு. லண்டனில் அழைக்கப்பட்டு வந்தவர் பாரிஸ்டர். கட்சிக்காரரிடம் வழக்கைக் கேட்டுத் தயாரித்துக் கொடுத்தவர் அட்டர்னி, இங்கிலாந்தில் சொலிசிட்டர். 1926-ஆம் ஆண்டின் இந்திய பார் கவுன்சில் சட்டம் உயர் நீதிமன்றங்களில் வக்கீல், பாரிஸ்டர் வேறுபாட்டைக் கரைத்தது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் எல்லாரையும் அட்வகேட் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. எனவே ஆண்டைப் பார்க்காமல் சொல்லைப் போடாதீர்கள். வ.உ.சி. 1890-களில் ஓட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கிய பிளீடர். சேலத்தில் 1900-இல் தொழில் தொடங்கிய ராஜாஜி வக்கீல். 1935-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பதிந்த ஆர். வெங்கட்ராமன் அட்வகேட். மூவரையும் "பிரபல வழக்கறிஞர்" என்று ஒரே கயிற்றில் கட்டுவது சோம்பேறித்தனம்.

வேறுபாடு வெறும் பெயரளவில் நின்றுவிடவில்லை. பின்னாளில் சென்னை மாகாணத்தின் பிரதமரான த. பிரகாசம் ராஜமுந்திரியில் இரண்டாம் நிலை பிளீடராகக் கொடிகட்டிப் பறந்தவர். அந்தத் தகுதியோடு உயர் நீதிமன்றப் படியேற முடியாது. அதற்காகவே 1904-இல் கப்பலேறி பாரிஸ்டராகத் திரும்பினார். மோதிலால் நேரு வக்கீலாகத் தொழில் தொடங்கியவர், பாரிஸ்டர் அல்ல; பாரிஸ்டரானவர் மகன் ஜவாஹர்லால். வல்லபபாய் படேலோ முதலில் ஜில்லா பிளீடர், பிறகு பாரிஸ்டர், ஆகையால் அவருக்கு இரண்டும் எழுத வேண்டும்.

பாரிஸ்டர் என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி: எந்த இன்? லண்டனில் இருப்பவை நான்கு. லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன். இவை பல்கலைக்கழகங்கள் அல்ல. சட்டத் தொழிலாளரின் பழைய கூட்டுறவுச் சங்கங்கள் என்றால் ஓரளவு பொருந்தும். "லண்டன் பல்கலைக்கழகத்தில் பாரிஸ்டர் பட்டம்" என்ற வரியைக் கண்டால், எழுதியவர் மூல ஆவணத்தைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பெயர்களை மொழிபெயர்க்கவும் வேண்டாம். என்னிடம் திருத்தத்துக்கு வந்த ஒரு கையெழுத்துப் பிரதியில் ஒரு தலைவர் "உள் கோயிலில்" சட்டம் படித்தார். இன்னொருவர் "லிங்கன் விடுதியில் தங்கி" படித்தார். டெம்பிள் என்பது டெம்ப்ளர் என்ற பழைய வீரத் துறவிகளின் இடமாக இருந்ததால் வந்த பெயர்.

இந்தச் சங்கத்தில் படிப்பைவிடச் சாப்பாடு முக்கியம் என்றால் நம்ப மாட்டீர்கள். பரீட்சை ஒரு பக்கம் இருக்க, பன்னிரண்டு பருவங்களைக் கழிக்க வேண்டும்; ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். பருவத்தைக் கழித்ததற்கு அடையாளம், அந்தப் பருவத்தில் இன்னின் கூடத்தில் குறைந்தது ஆறு விருந்துகளில் உட்கார்ந்து எழுவது. காந்தி தம் சுயசரிதையில் இதை விவரிக்கிறார். நான்கு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு புட்டி ஒயின். காந்தி தொடமாட்டார். ஆகவே அவரைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ள மாணவர்களிடையே போட்டி, இரண்டு புட்டியும் மூன்று பேருக்கே கிடைக்குமே! பாருக்கு அழைக்கப்படுவது என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நம் ஊர் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். காந்தியின் குழுவில் இருந்த மூவருக்கு அந்தச் சிரிப்பு முழுவதும் பொருந்தும்.

இப்போது கட்டங்களை நிரப்புவோம். காந்தியையே எடுத்துக்கொள்வோம். சேர்ந்தது: 1888, இன்னர் டெம்பிள். அழைக்கப்பட்டது: 1891 ஜூன் 10. பதிந்தது: மறுநாள், ஜூன் 11, லண்டன் உயர் நீதிமன்றத்தில். ஜூன் 12 கப்பலில் இருந்தார். மூன்று நாள்களில் மூன்று வெவ்வேறு காரியங்கள். பலர் இந்த மூன்றையும் குழப்பி "1891-இல் பட்டம் பெற்றுத் திரும்பினார்" என்று முடித்துவிடுகிறார்கள். பதிவுக் கட்டத்தில் இன்னும் இடம் விட வேண்டும், ஏனென்றால் எந்த நீதிமன்றத்தில் வாதாடுகிறாரோ அங்கே தனியாகப் பதிய வேண்டும். 1894-இல் நேட்டாலில் பதிந்தது இரண்டாவது வரியாக வரும். நான்காவது கட்டத்தில் 1922: ராஜத்துரோக வழக்கில் தண்டனை பெற்றதால் இன்னர் டெம்பிள் அவர் பெயரை நீக்கியது. அதே கட்டத்தின் ஓரத்தில் 1988: மீண்டும் சேர்த்தது. இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து.

இந்த நான்காவது கட்டத்தைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அரசியல்வாதி என்றால் அங்கேதான் கதை இருக்கிறது. லண்டனில் இருந்து விடுதலைக்குக் குரல் கொடுத்த ஷியாம்ஜி கிருஷ்ணவர்மாவை இன்னர் டெம்பிள் 1909-இல் நீக்கி 2015-இல் திரும்பச் சேர்த்தது. வ.உ.சி. சிறை சென்றபோது சன்னத், அதாவது வாதாடும் உரிமம், பறிபோனது. அதை மீட்டுக் கொடுக்க உதவிய நீதிபதி வாலேஸின் நினைவாக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் என்பது தூத்துக்குடிப் பக்கம் அறிந்த செய்தி. ஒத்துழையாமை இயக்கத்தின்போது ராஜாஜியும் மோதிலாலும் தாமாகவே தொழிலை விட்டார்கள். நீக்கப்பட்டதும் விட்டதும் ஒன்றல்ல. தனித்தனி மையில் எழுதுங்கள்.

ஐயருக்கு வருவோம். வரகனேரிக்காரர், பிளீடராகத் திருச்சியிலும் ரங்கூனிலும் தொழில் பார்த்தவர், 1907-இல் லண்டன் போய் லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார். முதல் கட்டம் நிரம்பிவிட்டது. இரண்டாவது கட்டம் காலி. மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார் என்பதுதான் அவரைப் பற்றி எழுதுவோர் காட்டும் காரணம். 1910-இல் மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அவரை பாரிஸ்டர் என்று எழுதுவது மரியாதை என்று நினைத்தேன். உண்மையில் அவர் மறுத்ததை நான் அவர் தலையில் கட்டினேன். சாவர்க்கர் நிலையும் ஏறக்குறைய இதுதான்: கிரேஸ் இன்னில் படிப்பு முடிந்தது, ஆனால் இன்னின் மூத்தவர்கள் அழைக்க மறுத்துவிட்டார்கள். நேர்மாறான ஆள் சர் பொன்னம்பலம் அருணாசலம். 1875-இல் லிங்கன்ஸ் இன்னில் அழைக்கப்பட்டவர், ஆனால் ஊர் திரும்பி இலங்கை சிவில் சேவையில் அமர்ந்துவிட்டார். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர். பாரிஸ்டர் என்று எழுதலாம், வாதாடினார் என்று எழுதக்கூடாது.

இலங்கைத் தலைவர்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல். அங்கே வழக்காடுபவர் அப்புக்காத்து, வழக்கைத் தயாரிப்பவர் பிறக்கிராசி. இரண்டும் பழைய ஐரோப்பியச் சொற்களின் தமிழ் உரு. 1970-களின் சட்டமாற்றத்துக்குப் பிறகு அந்தப் பிரிவு போய், எல்லாரும் சட்டத்தரணிகள். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அப்புக்காத்து, கொழும்பு சட்டக் கல்லூரி வழி வந்தவர். ஜி.ஜி. பொன்னம்பலம் லிங்கன்ஸ் இன். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இருவரையும் வக்கீல் என்று எழுதினால் யாழ்ப்பாணத்து வாசகர் முகம் சுளிப்பார்.

ஆவணம் எங்கே கிடைக்கும்? இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் இரண்டின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இணையத்தில் இருக்கின்றன. மற்ற இரண்டு இன்களுக்கும் ஆவணக் காப்பாளர்கள் உண்டு; எழுதிக் கேட்கலாம். சேர்க்கைப் பதிவில் தந்தையின் பெயர், எத்தனையாவது மகன், எந்த ஊர் என்பதெல்லாம் வரும். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்கு இது புதையல். அழைப்புத் தேதிக்கு, லண்டனில் ஆண்டுதோறும் வந்த "லா லிஸ்ட்" என்ற பட்டியலைப் பாருங்கள். இங்கே பி.எல். தேறியவர்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய அரசிதழ்களைப் புரட்டலாம். கன்னிமாரா நூலகம் கூப்பிடு தூரம். இன்றைய அரசியல்வாதி என்றால் பார் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். தமிழ்நாட்டில் அது எம்.எஸ். என்று தொடங்கி, வரிசை எண்ணும் ஆண்டும் கொண்டிருக்கும். சட்டம் படித்திருப்பது வேறு, பதிந்திருப்பது வேறு. நாடாளுமன்றக் குறிப்பில் தொழில் என்ற இடத்தில் வருவது உறுப்பினர் தாமே சொன்னது. இன்னொன்று, உறுப்பினராகிவிட்டதால் வாதாடும் உரிமை போய்விடாது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது.

தேடும்போது சறுக்கும் இடம் பெயர். ஆங்கில எழுத்தில் ஐயர் மூன்று நான்கு விதம், பிள்ளை அதே போல, முதலியார் அதைவிட மோசம். தமிழர் பெயரில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக லண்டன் எழுத்தர் எடுத்திருப்பார். சில நேரம் ஊர்ப் பெயரையே எடுத்திருப்பார். வ.வே.சு. ஐயரைத் தேடினால் வரகனேரி, வேங்கடேசன், சுப்பிரமணியன், ஐயர் என்று நான்கு வாசலையும் தட்டிப் பார்க்க வேண்டும். ஜின்னா லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தபோது ஜின்னாபாய். மாணவராக இருக்கும்போதே மனுக் கொடுத்து வாலை வெட்டிக்கொண்டார். எனவே சேர்க்கைப் பதிவில் ஒரு பெயரும் அழைப்புப் பட்டியலில் வேறொன்றும் வரும்.

தலைப்பெழுத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் படேல் சகோதரர்களே சாட்சி. வல்லபபாய் லண்டன் போகப் பணம் சேர்த்து ஏற்பாடு செய்தார்; தாள்கள் வி.ஜே. படேல் என்ற பெயரில் வந்தன. அண்ணன் விட்டல்பாய் படேலும் வி.ஜே. படேல்தான். மூத்தவனான என்னை விட்டுவிட்டு நீ போவதா என்றார். தம்பி விட்டுக்கொடுத்தார், செலவையும் ஏற்றுக்கொண்டார். ஆண்டுகள் கழித்துத் தம்பியின் முறை வந்தது. மிடில் டெம்பிள், அழைப்பு 1913. இருவரும் பாரிஸ்டர், இருவரும் அரசியல், இருவரும் வி.ஜே. இப்படிப்பட்ட இடத்தில் சேர்க்கை ஆண்டையும் எத்தனையாவது மகன் என்பதையும் கொண்டுதான் பிரிக்க முடியும். தந்தை பெயர் உதவாது, ஏனென்றால் அதுவும் ஒன்றே.

தேதிகள் முரண்பட்டால் இரண்டும் வேறு வேறு நிகழ்வுகளோ என்று பாருங்கள். அம்பேத்கர் பாரிஸ்டரானது 1922, 1923 என்று இரண்டு விதமாக அச்சில் பார்த்திருக்கிறேன். கிரேஸ் இன்னில் அவர் அழைக்கப்பட்டது 1922. லண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம் 1923. இரண்டையும் ஒரே வரியில் எழுதிய ஒருவரிடமிருந்து அடுத்தவர் ஒரே ஆண்டாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடைசியாக வாக்கியம். நான் இப்போது எழுதும் வடிவம் இது: "இன்னாண்டு இந்த இன்னில் சேர்ந்தார், இன்னாண்டு பாருக்கு அழைக்கப்பட்டார், இந்த நீதிமன்றத்தில் பதிந்தார்." அழைப்புக்கு ஆதாரம் இல்லையென்றால் "சட்டம் பயில லண்டன் சென்றார்" என்பதோடு நிறுத்திவிடுகிறேன். அடுத்த பதிப்பில் ஐயரின் பத்தியை இப்படித் திருத்தி, ஒரு பிரதியைத் திருச்சிக்கு அனுப்பினேன். பதிலுக்கு வந்த அஞ்சலட்டையிலும் ஒரு வரிதான்: "ரங்கூனை விட்டுவிட்டீர்கள்."