அகலமான பிளேடு போட்டால் பலகை நேராக வந்துவிடுமா?

போன பங்குனியில் மேலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், இரண்டு வீலைச் சுற்றி வளையமாகப் பிளேடு ஓடும் என் சிறிய பேண்ட்சா மில்லில் காய்ந்த புளியந்தடி அறுத்துக்கொண்டிருந்தோம். முதல் இரண்டு பலகை ஒழுங்காக வந்தது. மூன்றாவதில் தடியின் கெட்டியான நடுப்பாகமான வைரத்தைத் தொட்டதும் பிளேடு மேலே ஏறியது, கணுவைத் தாண்டியதும் கீழே இறங்கியது. தோட்டக்காரர் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மேடு பள்ளமா இருக்கு? பிளேடு ஒல்லியா இருக்குல்ல, பட்டையா ஒண்ணு வாங்கிப் போட வேண்டியதுதான?" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒன்றேகால் இன்ச்சைக் கழற்றிவிட்டு ஒன்றரை இன்ச் பிளேடு ஐந்து வாங்கினேன். விற்ற கடையில் என்ன மெஷின், வீல் எத்தனை இன்ச் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்தில் மூன்று, முதல் சாணைக்குப் போகும் முன்பே பல்லடியில் விரிசல் விட்டு அறுந்தன.

இடம் மாற்றி இழுத்துப் போகும் சிறிய பேண்ட்சா மில் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான். அகலத்துக்குப் பலம் உண்டு, அதை மறுக்க முடியாது. தடி எதிர்த்துத் தள்ளும்போது அகலமான பிளேடு அவ்வளவு சீக்கிரம் வளைந்து கொடுக்காது. ஆனால் இறுக்கமாக நின்றால்தான் அந்தப் பலம் வேலை செய்யும். கயிற்றுக் கட்டிலுக்கு எவ்வளவு தடித்த கயிறு போட்டாலும், இழுத்துக் கட்டாவிட்டால் தொட்டில் மாதிரித் தொங்கத்தானே செய்யும்?

கணக்குப் போட்டால் புரியும். ஒன்றேகால் இன்ச், அதாவது 32 மி.மீ. அகலம், 1.07 மி.மீ. தடிமன் உள்ள பிளேடின் குறுக்குவெட்டு சுமார் 34 சதுர மி.மீ. ஒன்றரை இன்ச் பிளேடு 38 மி.மீ. அகலம், 1.27 மி.மீ. தடிமன் என்றால் அது 48 ஆகிவிடும். இரண்டும் ஒரே அளவு விறைப்பாக நிற்க வேண்டுமானால் பின்னதை ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதலாக இழுக்க வேண்டும். சின்ன மெஷினில் பிளேடை இழுத்து இறுக்கும் டென்ஷன் திருகாணியும் சட்டமும் அதைத் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி. தாங்காத மெஷினில் அகலப் பிளேடு தொய்வாக ஓடும். ஒல்லிப் பிளேடைவிட மோசமாக அலையடிக்கும்.

அடுத்தது தடிமன். பிளேடு அகலமாக ஆக, பெரும்பாலும் தடிமனும் கூடித்தான் வரும். சிறிய மில்களில் வீல் 19 இன்ச் அளவில்தான் இருக்கும். தடிமனான பட்டையை அந்தச் சின்ன வட்டத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் இரும்பு களைத்துப் போகும். 13 அடி பிளேடு நிமிடத்துக்கு 5,000 அடி வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். இரண்டு வீலிலும் சேர்த்து மணிக்கு ஏறக்குறைய 46,000 தடவை வளைகிறது. 1.07-இலிருந்து 1.4 மி.மீ.க்குப் போனால் ஒவ்வொரு வளைவிலும் ஏறும் அழுத்தம் 30 சதவீதம் கூடும். என் பிளேடுகள் பல்லடியில் வெடித்தது இப்படித்தான். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் விரிசல் முதலில் பிறக்கும்.

வீலின் மேல் பிளேடு உட்காரும் இடத்தையும் பார்க்க வேண்டும். பல்லடிப் பள்ளம் வீலின் விளிம்புக்கு வெளியே ஒரு நூல், அதாவது சுமார் 3 மி.மீ., நிற்பது நல்லது. அகல வீலில் ஒல்லிப் பிளேடு போட்டால் பல் வீலின் மேலேயே ஓடி, செட், அதாவது பல்லை இரு பக்கமும் வளைத்து வைத்திருக்கும் அளவு, கெட்டுப்போகும், வீலின் மேல் போட்டிருக்கும் பெல்ட்டும் கிழியும். ஒடுங்கிய வீலில் அகலப் பிளேடு போட்டால் பல் பக்கம் பிடிமானமில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அகலம் கூடினால் மரம் வீணாகும் என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அகலத்துக்கும் தூளுக்கும் சம்பந்தமே கிடையாது. தடிமனும் இரு பக்கச் செட்டும் சேர்ந்ததுதான் வெட்டுவாய்: 1.07 மி.மீ. பிளேடில் பக்கத்துக்கு அரை மி.மீ.க்குச் சற்றுக் கூட செட் வைத்தால் 2.2 மி.மீ. போகும், அவ்வளவுதான். ஆசாரி பட்டறையில் வளைவு அறுக்கும் ஒல்லிப் பிளேடின் கணக்கையும் இங்கே கொண்டுவர வேண்டாம். நமக்கு நேர்வெட்டு மட்டும்தான்.

அப்படியானால் புளியந்தடியில் பிளேடு ஏன் ஓடியது? பல் மழுங்கியிருந்தது. பல்லின் முன்சாய்வு 10 டிகிரி. பச்சை மாமரத்துக்கு அது சரி, காய்ந்த புளியின் வைரத்துக்கு 4 டிகிரிதான் தோது. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பவும் உறைத்தது: பிளேடை அலையாமல் தாங்கிப் பிடிக்கும் நகரும் கைடு ரோலரைத் தடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி விட்டிருந்தேன். இரண்டு கைடுக்கும் நடுவே இடைவெளி கூடக் கூட பிளேடின் விறைப்பு வெகுவாகக் குறையும். அதே பழைய ஒன்றேகால் இன்ச்சில் 4 டிகிரி பிளேடு மாட்டி, கைடைத் தடிக்கு ஒட்டினாற்போல் இழுத்து வைத்து, மெதுவாகத் தள்ளி மிச்சத் தடியை அறுத்தேன். தோட்டக்காரர் மட்டப்பலகை வைத்துப் பார்த்துவிட்டு, மறு வாரம் வேப்பந்தடி இரண்டையும் அறுக்கச் சொன்னார்.

10, 15 ஹெச்.பி. மெஷினுக்கு 32 மி.மீ. அகலம், 1.07 மி.மீ. தடிமன் போதும். தேக்கு அறுத்தாலும் அதுதான் என் யோசனை. தேக்கில் சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். அதற்கு மருந்து சாணை. ரோட்டோரப் புளியில் விளம்பரத் தட்டி அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கும். தடியின் முனையில் கறுப்புக் கறை தெரிந்தால் நின்று பாருங்கள், ஆணி எந்த அகலத்தையும் விட்டுவைக்காது. இரண்டு இன்ச் பிளேடெல்லாம் பெரிய வீலும் கனத்த சட்டமும் உள்ள மெஷினுக்கு.

சித்திரை வெயிலில் ஒன்று கவனியுங்கள். ஓட ஓடப் பிளேடு சூடாகி நீளும், காலையில் வைத்த டென்ஷன் பத்து மணிக்கு இருக்காது. ஒவ்வொரு தடிக்கும் முன்னால் ஒரு முறை பார்த்து இறுக்குங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள்.

சாணை பிடிக்கப் பிடிக்க அகலமும் தேயும். 32 என்று வாங்கியது சில மாதத்தில் 29 ஆகியிருக்கலாம். அதை மாட்டும்போது புதுப் பிளேடுக்கு வைத்த அமைப்பிலேயே ஓட்டாமல், பல்லடி வீலுக்கு வெளியே ஒரு நூல் நிற்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகு மோட்டாரைப் போடுங்கள்.