ஃபிளாட் பிளான் பார்க்கும்போது பலரும் செய்யும் தவறுகள்

பிளானைக் கையில் வாங்கியதும் பெரும்பாலானவர்கள் பெட்ரூம்களைத்தான் எண்ணுகிறார்கள். இரண்டா, மூன்றா, மொத்தம் எத்தனை சதுர அடி, அவ்வளவுதான், உடனே விலைக்குப் போய்விடுகிறார்கள். முதல் தவறு இதுதான். ஒரே பரப்பு, ஒரே எண்ணிக்கையில் அறைகள் உள்ள இரண்டு ஃபிளாட்டில் ஒன்று உங்கள் குடும்பத்துக்குப் பாந்தமாக அமையும், மற்றதில் தினமும் ஒருவர் தூக்கம் இன்னொருவரால் கெடும். எந்தக் கதவு எதைப் பார்த்துத் திறக்கிறது, யார் தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

அதனால் பிளானைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டின் ஒரு சாதாரண வேலைநாளை எழுதி வையுங்கள். யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், யார் ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறார், யாருக்கு வீட்டிலிருந்தே வேலை, காலையில் குளியலறைக்கு ஒரே நேரத்தில் எத்தனை பேர் காத்து நிற்கிறீர்கள். அப்புறம் பென்சிலை எடுத்து அந்த நாளைப் பிளான் மேலேயே நடத்திப் பாருங்கள். பகலில் தூங்குகிறவரின் கட்டிலுக்குப் பின்சுவரில் டிவி வருகிறதா? அவர் அறை லிஃப்ட்டை ஒட்டி இருக்கிறதா? ஹாலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்ரூம், அந்தப் பக்கம் ஒரு பெட்ரூம் என்று பிரிந்திருக்கும் பிளான் இப்படிப்பட்ட வீட்டுக்கு ரொம்ப நல்லது. அதே பிளானில் சின்னக் குழந்தையைத் தனி அறையில் படுக்க வைத்தால், ராத்திரி அது அழும்போதெல்லாம் ஹாலைக் கடந்து ஓட வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடித்த பிளான் உங்களுக்கும் ஒத்துவரும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது பரப்பு. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணில் சுவர்களின் தடிமன், பால்கனி, சில இடங்களில் படிக்கட்டு, லிஃப்ட், பொது வராந்தா ஆகியவற்றில் உங்கள் பங்கு வரைக்கும் சேர்ந்திருக்கலாம். சுவருக்குள் நீங்கள் புழங்கக்கூடிய இடம் எவ்வளவு என்று தனியாகக் கேட்டு வாங்கி, அந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள். அதிலும் நடைவழிக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள்: 3.5 அடி அகலம், 20 அடி நீளம் என்றால் 70 சதுர அடி போச்சு, கிட்டத்தட்ட ஒரு சின்ன அறை.

அறை அளவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 10-க்கு 10 பெட்ரூம் என்று கேட்கும்போது போதும் என்றே தோன்றும். அதில் 5 அடி அகலம், 6.5 அடி நீளமுள்ள கட்டிலைப் போடுங்கள். தலைமாட்டைச் சுவரோடு ஒட்டினால் கால்மாட்டில் மிச்சம் 3.5 அடி. எதிர்ச்சுவரில் 2 அடி ஆழமுள்ள அலமாரி வைத்தால் நடுவில் 1.5 அடிதான், அலமாரியைத் திறக்க நினைப்பவர் கட்டில் மேல் உட்கார வேண்டியதுதான். சரி, அலமாரியைப் பக்கச் சுவருக்கு மாற்றலாம் என்றால் கட்டிலை மறுபக்கச் சுவரோடு தள்ள வேண்டியிருக்கும், அப்போது உள்பக்கம் படுப்பவர் ராத்திரி எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் வெளியே வர முடியும். கதவு உள்ளே திறக்கும் இடத்தையும் ஜன்னலையும் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. உங்களிடம் இருக்கும் கட்டில், சோபா, மேஜை எல்லாவற்றையும் டேப்பால் அளந்து, பிளானின் அளவுவிகிதத்திலேயே காகிதத்தில் வெட்டி, அதன் மேல் நகர்த்திப் பாருங்கள். சாப்பாட்டு மேஜையில் நாற்காலியை இழுத்து உட்கார ஒவ்வொரு பக்கமும் 3 அடியாவது விடுங்கள். பிளானில் இருப்பது சுவர்ப் பூச்சுக்கு முந்தைய அளவா, பிந்தைய அளவா என்றும் கேட்டுவிடுங்கள். ஒரு அங்குலம் குறைந்தாலும் அலமாரி உள்ளே நுழையாது.

பிளானில் வரைந்திருக்கும் கட்டிலையும் சோபாவையும் நம்ப வேண்டாம், அவை சரியான அளவில் வரையப்பட்டவை என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மாதிரி ஃபிளாட்டும் அப்படித்தான். வழக்கத்தைவிடச் சின்னக் கட்டில், கதவு மாட்டாத அறைகள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி என்று வைத்திருந்தால் எந்த அறையும் பெரிதாகத்தான் தெரியும். டேப் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

திறந்த சமையலறை படத்தில் அழகாக இருக்கும். தினமும் மூன்று வேளை அடுப்பெரியும் வீட்டில் வாசனையும் புகையும் மிக்ஸி சத்தமும் ஹாலுக்கு வந்துவிடும், ஹாலில் ஒருவர் மீட்டிங்கில் இருந்தால் இரண்டு பேருக்கும் எரிச்சல். அரிதாகச் சமைப்பவர்களுக்கும், சமைத்துக்கொண்டே குழந்தை மேல் ஒரு கண் வைக்க வேண்டியவர்களுக்கும் அது வசதி. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் ஒரு தள்ளுகதவு போட இடமிருக்கிறதா என்று கேட்கலாம்.

"பிடிக்கவில்லை என்றால் அப்புறம் சுவரை இடித்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். பல அடுக்குமாடிகளில் சுவரே கட்டடத்தைத் தாங்குகிறது, தொடவே கூடாது. குளியலறையை இடம் மாற்றுவது அதைவிடக் கஷ்டம், குழாய்கள் எல்லாத் தளத்துக்கும் ஒரே இடத்தில்தான் இறங்குகின்றன. அதனால் பெற்றோர் வந்து தங்கப்போகிறார்கள் என்றால் அதை இப்போதே யோசிக்க வேண்டும். வீல்சேர் முழுதாகத் திரும்ப 5 அடி இடம் வேண்டும், கதவைத் திறந்தபின் கிடைக்கும் வழி 32 அங்குலமாவது வேண்டும். குளியலறைக் கதவில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்கள்.

திசையையும் மறந்துவிடுகிறோம். மேற்கு ஜன்னல் உள்ள அறையில் சாயங்கால வெயில் தாழ்ந்து நேராக உள்ளே அடிக்கும், வெப்பமான ஊரில் அதைப் பெட்ரூமாக வைத்தால் ராத்திரி வரை சூடு இறங்காது. எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருந்தால் காற்று நன்றாக ஓடும், ஒரே பக்கம் மூன்று ஜன்னல் இருந்தும் பெரிய பயனில்லை. பெட்டிகள், துடைப்பம், காயப்போடும் துணி, வாஷிங் மெஷின் இவற்றுக்கெல்லாம் இடம் எங்கே என்று பிளானில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. ஒரே வகை ஃபிளாட்டைப் பக்கத்துப் பக்கத்தில் கட்டும்போது இடவலமாகத் திருப்பிப் போடுவது வழக்கம், நீங்கள் படித்துப் படித்துப் பார்த்த கிழக்கு ஜன்னல் உங்கள் கதவு எண்ணில் மேற்கே போயிருக்கலாம், தூணோ பீமோ கூட இடம் மாறியிருக்கலாம். அந்தத் தளத்துக்கு, அந்த எண்ணுக்கு உரிய பிளானை, அளவுகளும் வடக்கைக் காட்டும் அம்புக்குறியும் போட்டு வாங்கி, அதையே ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.