சர்வாதிகாரம் வீழ்ந்த பின் அரசியல் யாப்பை வரைதல்

ஆட்சியாளர் வெளியேறியதும் முதலாம் உறுப்புரையை எழுத உட்கார்ந்துவிடக் கூடாது. வரைபவர்களைத் தெரிவுசெய்வது யார், எத்தனை பேர் இணங்கினால் வரைவு நிறைவேறும், இணக்கம் ஏற்படாவிட்டால் அடுத்து நடப்பது என்ன என்ற மூன்றையும் முதலில் எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பின் படுவான்கரையில் சிறுபோக நெற்செய்கைக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்துக்குச் சென்றவர்களுக்கு இது புதிதன்று. எத்தனை ஏக்கர் விதைப்பது, குளத்து நீரை எந்த நாளில் திறப்பது, மாடுகளை எந்த நாளுக்குள் அப்புறப்படுத்துவது என்பன விதைப்புக்கு முன்னரே முடிவாகி எழுதப்படுவதால்தான், பின்னர் மாடு பயிரில் இறங்கும்போது வயல்வெளியை மேற்பார்க்கும் வட்டை விதானையின் சொல் எடுபடுகிறது.

தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்தபோது, 1993ஆம் ஆண்டின் இடைக்கால யாப்பில் 34 கோட்பாடுகளை வகுத்து, தெரிவான சபை எழுதும் யாப்பு அவற்றுக்கு அமைவானது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சான்றுப்படுத்திய பின்னரே அது செல்லுபடியாகும் என்றார்கள். 1996 செப்டெம்பரில் நீதிமன்றம் முதல் வரைவை மறுத்தது, சபை திருத்தியது, டிசெம்பரில் சான்று கிடைத்தது. பெரும்பான்மைக்கு அஞ்சி வாழும் சமூகங்கள் உள்ள நாட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன்.

யாப்பைக் காக்கும் நீதிமன்றம் போன்ற அமைப்புகளைப் பற்றி எழுதும்போது மிகுந்த கவனம் தேவை. துனீசியாவில் 2011இல் சர்வாதிகாரி பென் அலி வீழ்ந்த பின் தெரிவான 217 பேர் கொண்ட சபை, 2014 ஜனவரியில் 200 வாக்குகளால் யாப்பை நிறைவேற்றியது. அரசியலமைப்பு நீதிமன்றத்தை முதல் நாடாளுமன்றத் தேர்தலிலிருந்து ஓராண்டுக்குள் அமைக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். ஆனால் நீதிபதிகளைத் தெரிவதில் கட்சிகள் இணங்கவில்லை; நீதிமன்றம் அமையவேயில்லை. 2021இல் ஜனாதிபதி நாடாளுமன்றத்தை இடைநிறுத்தியபோது, அது சரியா என்று தீர்க்க அந்த நீதிமன்றம் இருக்கவில்லை. ஆகவே காலக்கெடுவோடு நிறுத்தாமல், கெடு தவறினால் நியமிக்கும் அதிகாரம் யாரிடம் செல்லும் என்பதையும் அதே உறுப்புரையில் சேருங்கள்.

உரிமைகளை எழுதும்போது வினைமுற்றைப் பாருங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தால் தமிழும் இலங்கையின் அரசகரும மொழியானது. ஆயினும் சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்ட ஆள் தேடுவோர் எங்கள் ஊரில் இன்றும் உள்ளனர். “தமது மொழியில் பதில் பெறலாம்” என்பதை, “அலுவலகம் 14 நாட்களுக்குள் விண்ணப்பதாரரின் மொழியில் பதில் வழங்குதல் வேண்டும், தவறின் அவர் மாவட்டத்திலுள்ள நீதிமன்றில் முறையிடலாம்” என்று மாற்றினால், கடமை யாருடையது என்பது தெளிவாகும்.

வரைவை எல்லா மொழிகளிலும் ஒரே வேளையில் எழுதி, ஊர்க் கூட்டங்களில் உரத்து வாசியுங்கள். கேட்டவரிடம், யார் எதை எப்போது செய்ய வேண்டும் என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறிய வாக்கியத்தை அன்றே திருத்தி எழுதுங்கள்.