மலையில ஒரு கொலைகார ஹீரோ: காமிக்ஸ் ஸ்கிரிப்ட் எழுதப்போறவங்களுக்கு

சட்டத்த நம்பாம தானே இறங்கி ஆளப் போட்டுத்தள்ளுற ஹீரோவ ஊட்டி குன்னூர் பக்கம் வச்சு எழுதணும்னு நெனைக்கிறவங்க எல்லாரும் முதல்ல உக்காந்து வரையுறது முகமூடியத்தான். அத விடுங்க. உறைபனி விழுற ஜனவரில இங்க காய்கறி விக்கிறவரு, ஆட்டோக்காரரு, பேங்க் மேனேஜரு எல்லாரும் குரங்கு குல்லாதான், கண்ணு மூக்கத் தவிர ஒண்ணும் தெரியாது. உங்க ஹீரோவுக்கும் அதையே மாட்டி விடுங்க. (தோடர் பூத்துக்குளிய மட்டும் தயவுசெஞ்சு சூப்பர்ஹீரோ முதுகுல தொங்குற துணி மாதிரி பறக்க விடாதீங்க, அது அவங்க போத்திக்கிறது, உங்க காஸ்ட்யூம் இல்ல.) குல்லால இன்னொரு லாபம், சாட்சி சொல்றவரு "குல்லா போட்ட ஒரு ஆளு சார்"னு மட்டும்தான் சொல்ல முடியும், அப்ப போலீஸ் யாரத் தூக்கும்? கேக்க நாதியில்லாத லைன் வீட்டுப் பையன் (எஸ்டேட் தொழிலாளிங்க வரிசை வீட்டுல இருக்குறவன்) ஒருத்தனத்தான். இப்ப நம்ம ஆளு போய் சரணடைவானா, இல்ல டீக்கடையில நின்னு வர்க்கி நனைச்சு சாப்பிட்டுக்கிட்டே அந்த நியூஸப் படிப்பானா? கதை அங்கதான் ஆரம்பிக்குது, மொதக் கொலையில இல்ல.

அடுத்தது வில்லன். குழந்தையக் கொன்னவன், பொண்ணக் கெடுத்தவன்னு வச்சுட்டா வாசகனுக்கு யோசிக்க வேலையே இல்ல, கைதட்டிட்டுப் போயிடுவான். பச்சத் தேயிலை எடையில அடிக்கிற ஏஜென்ட்ட வைங்க. ஈரம்னு சொல்லி கிலோக்கணக்கா கழிப்பான், கடன் குடுத்து சிறு விவசாயி பட்டாவ வாங்கி வச்சுக்குவான், ஆனா அதே ஆளுதான் ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவ வலின்னா ஜீப் எடுத்துட்டு வருவான். இவனக் கொல்லலாமா? எனக்கே தெரியல, அதனாலதான் சொல்றேன்.

அப்புறம் ஹீரோவுக்கு யாரு தகவல் சொன்னாங்கன்னு ஒரு பேனலாவது (பக்கத்துல வர்ற ஒரு படக்கட்டம்) காட்டணும், இத நிறைய பேர் மறந்துடுறாங்க. அமெரிக்கக் காமிக்ஸ்ல ஆளப் போட்டுத்தள்ளுற ஹீரோ பனிஷர், 1974ல ஸ்பைடர்மேன் கதைலதான் மொதமொத வர்றாரு, எதுக்குன்னு பாருங்க, ஜாக்கல்ங்கற வில்லன் பேச்ச நம்பி, செய்யாத கொலைக்காக ஸ்பைடர்மேனச் சுட வர்றாரு! அந்தக் கேரக்டரோட மொதக் கதையே ஆள மாத்திக் குறி வச்ச கதை. பின்னாடி தனி புக்கு வந்து பெரிய ஹீரோ ஆனதுல அந்த விஷயம் பாதி மங்கிப்போச்சு. உங்க கதைல அத மங்க விடாதீங்க.

நல்லவனா கெட்டவனான்னு சொல்ல முடியாத ஹீரோ நம்ம பக்கமும் புதுசு இல்லீங்க. 1972ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சப்ப வந்த இரும்புக்கை மாயாவி இங்க எல்லாருக்கும் நல்லவரு, ஆனா இங்கிலீஷ் மூலத்துல அவரு ஆரம்பத்துல மாயமா மறைஞ்சு திருடுனவரு. லயன் காமிக்ஸ்ல வந்த ஸ்பைடரும் (சிலந்தி மனுசன் இல்ல, கூரான காது வச்சவரு) குற்றவாளிகளுக்கு ராஜாவாகணும்னு கிளம்பி அப்புறம் கட்சி மாறுனவருதான்.

இப்ப முக்கியமான வேலை, கேப்ஷன், அதாவது படத்து ஓரமா கட்டத்துல எழுதுற வரி. "நான்"னு ஹீரோ பேசுற கேப்ஷன் போட்டா வாசகன் அவன் மண்டைக்குள்ள உக்காந்துடுவான், அவன் சொல்றதெல்லாம் நியாயமாத் தெரியும். பனிஷருக்கும் டைரி, வாட்ச்மென் காமிக்ஸ்ல வர்ற ரோர்ஷாக்குங்கற முகமூடி ஆளுக்கும் டைரி, சும்மா இல்ல. 1986ல வந்த அந்தக் கதைல ஆலன் மூர் ரோர்ஷாக்க எச்சரிக்கை மாதிரிதான் எழுதுனாரு, ஆனா படிச்சவங்கள்ல பாதிப்பேர் அவன் மேல பைத்தியமா ஆயிட்டாங்க, அதுல பாதி டைரியோட வேலை. அதனால கேப்ஷனையும் படத்தையும் சண்டை போட விடுங்க. கேப்ஷன்ல "அவன் கெஞ்சல, திமிராத்தான் நின்னான்"னு இருக்கட்டும், படத்துல அந்த ஏஜென்ட் ரெண்டு கையையும் கூப்பி மண்டி போட்டிருக்கட்டும். நீங்க ஒரு வார்த்தையும் விளக்க வேண்டாம்.

அடிதடி, ரத்தத்த எல்லாம் சின்ன சின்ன பேனல்ல அடைச்சுருங்க. முழுப்பக்கப் படம் ஒண்ணே ஒண்ணு வைக்கணும்னா அத எழவு வீட்டுக்குக் குடுங்க, வாசல்ல பிளாஸ்டிக் சேரு, மழைக்குக் கட்டுன தார்ப்பாய், செத்தவன் மகளுக்கு ஸ்வெட்டர் பட்டன் போட்டு விடுற யாரோ ஒரு அக்கா. கோத்தகிரி மாதிரி ஊருல இதுல தப்பிக்க வழியே இல்ல. காத்தம்ல பேட்மேன் ராத்திரி அடிச்சவன மறுநாள் பாக்க வேண்டியதில்ல, இங்க காலைல ஏழு மணி பஸ்ல செத்தவனோட தம்பி பக்கத்து சீட்டுல வந்து உக்காந்து "அண்ணே, எடம் இருக்கா"ம்பான். ஊர விட்டு ஓடலாம்னாலும் மசினகுடி இறங்குற கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு, இந்தப் பக்கம் மேட்டுப்பாளையம் ரோட்டுல பர்லியாறு செக்போஸ்ட், மழைக்காலத்துல ரோட்டுல மண்ணு சரிஞ்சா வேட்டையாடுறவனும் தப்பிச்சவனும் ஒரே ஸ்கூல் கட்டடத்துல படுத்துத் தூங்கணும். இந்த மாதிரி சீன் எழுதத்தான் மலை வேணும், பின்னாடி அழகா டீ எஸ்டேட் வரையுறதுக்கு இல்ல.

சின்னம் வரையுறப்ப ஒரு நிமிசம் யோசிங்க, நாளைக்கு இது ஜீப் கண்ணாடில ஸ்டிக்கரா வரும். பனிஷரோட மண்டையோட்ட அமெரிக்காவுல போலீஸ்காரங்களே வண்டில ஒட்டுனாங்க, 2019ல வந்த ஒரு இதழ்ல பனிஷரே அந்த ஸ்டிக்கரக் கிழிச்சு நான் வேற நீங்க வேறன்னு சொல்ற மாதிரி எழுத வேண்டி வந்துச்சு. நமக்கு மட்டும் என்ன, என்கவுன்டர் சீனுக்கு தியேட்டர்ல விசிலடிச்ச ஊருதான் 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல போலீஸ் அடிச்சு அப்பாவும் மகனும் செத்தப்ப ஐயோன்னு கத்துச்சு. உங்க ஹீரோவோட லாஜிக் காக்கிச்சட்டைக்கும் அப்படியே பொருந்துதுன்னா அத ஒரு போலீஸ் கேரக்டர் வாயிலேயே சொல்ல வச்சுருங்க, ஹீரோ பதில் தேடட்டும்.

முடிவுல ஹீரோவச் சாகடிச்சு தியாகி ஆக்குறது சோம்பேறித்தனம், கைது பண்ணி நீதி ஜெயிச்சுதுன்னு போடுறதும் அதே லட்சணம்தான். லைன் வீட்டுப் பையன் இன்னும் உள்ள இருக்கான், நம்ம ஆளு ஸ்டேஷன் வாசல்ல குல்லாவக் கழட்டிக் கைல வச்சுருக்கான், அங்கயே நிறுத்தலாம். வரையுறவர்கிட்ட குடுக்குறதுக்கு முன்னாடி பென்சில் தம்ப்நெயில (பக்கம் எப்படி வரும்னு சின்னதா கிறுக்கிப் பாக்குறது) ரெண்டு பேருக்குப் படிக்கக் குடுங்க, ஒருத்தர் இலை விக்கிற வீட்டு ஆளா இருக்கட்டும், இன்னொருத்தர் இலை வாங்குற வீட்டு ஆளா இருக்கட்டும். இவன நீங்க போலீஸ்ல காட்டிக் குடுப்பீங்களான்னு கேளுங்க. ரெண்டு பேரும் டக்குனு ஒரே பதில் சொன்னா, ஏஜென்ட் ஜீப் எடுத்துட்டு வர்ற பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி எழுதுங்க.